தோவா படகேறும் காட்சி

கியோட்டோ, ஜனவரி 12

அன்புள்ள கயோ,

புத்தாண்டு அட்டை வந்தது. ஹமாதாவில் இந்த வருடம் கடற்காற்று கடுமை என்று செய்தியில் காட்டினார்கள். உன் கைவெடிப்பு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் இகுவோ-சானின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? உன் மாமியாரின் முழங்கால்? எனக்குக் கழுத்துவலி தவிர வேறொன்றுமில்லை.

போனில் பேசினால் பக்கத்து அறையில் மாமியார் இருக்கிறார் என்று நீ "ம்", "சரி" என்பதற்கு மேல் பேசுவதில்லை. அதனால் இனிமேல் கடிதம்தான். பதில் எழுதாமல் தப்பிக்கப் பார்க்காதே.

நான்கு வருடமாகக் கதை எழுதிவரும் கேம், 'மறுகரை', ஏறக்குறைய முடிந்துவிட்டது. உனக்குச் சொன்னதேயில்லை. தோவா என்ற பெண் ஒரு தீவில் சலவைக்கடை நடத்துகிறாள். புருஷன் படகோட்டி, பக்கவாதத்தில் பேச்சு போனவன். விளையாடுகிறவர்தான் தோவா. துவைக்கிறார், மருந்து வாங்குகிறார், ஊராரிடம் என்ன பேசுவது என்று தேர்ந்தெடுக்கிறார். சுடுவது, குதிப்பது எதுவும் இல்லை. முடிவில் தோவா புருஷனை விட்டுப் படகேறிப் போகிறாள். படகில் ஏறுவதற்கான பொத்தானை விளையாடுகிறவரே அழுத்த வேண்டும்.

இதை டிவியில் செருகியும் ஆடலாம், உருவிக் கையிலும் ஆடலாம் என்ற அந்த ரெண்டுங்கெட்டான் கன்சோலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் ஆசை. பணம் போடும் வெளியீட்டு நிறுவனத்தில் முரோநாகா என்பவர் பொறுப்பாளர். போன வாரம் அவரோடு உட்கார்ந்தோம்.

"கதை நல்லாத்தான் இருக்கு ஓரியே-சான். ஆனா இந்த மெஷின யாரு வாங்கிட்டுப் போறா? ஏழு வயசுப் புள்ளையோட அம்மா. ஹால்ல டிவிக்குக் கீழ வச்சிருப்பா. பொண்டாட்டி புருஷன விட்டுட்டுப் போற கதைய அங்க யாரு போட்டுப் பாப்பா?"

"அங்கேயிருந்து உருவி எடுத்துட்டுப் போகலாமே. அதுக்குத்தானே அப்படிச் செஞ்சிருக்காங்க?"

"எடுத்துட்டு எங்க போவாங்க?"

யோசித்தபோது இகுவோ-சான் ஞாபகம் வந்தது. வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாரே. நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆட்களைக்கொண்டு சோதனை செய்ய அனுமதி வாங்கியிருக்கிறேன். அவர் சம்மதித்தால் சோதனைக் கருவியை அனுப்புகிறேன். முடிவை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் அக்கா,
ஓரியே


ஹமாதா, பிப்ரவரி 8

ஓரியே அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கழுத்துக்கு ஒட்டும் மருந்துப் பட்டை இதோடு வைத்திருக்கிறேன். மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், சகித்துக்கொள்.

கருவி வந்து சேர்ந்தது. அவர் சம்மதிக்கமாட்டார் என்று நினைத்தேன். நகராட்சி வரிப் பிரிவில் இருபது வருடமாகத் தாள் படித்தவர் அல்லவா, ஒப்பந்தத் தாளை மூன்று தடவை படித்துவிட்டு, அதில் ஒரு எழுத்துப்பிழையையும் கண்டுபிடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். மாமியார் பார்த்துவிட்டு, "நாப்பத்தொம்பது வயசுல இதென்ன கிலுகிலுப்பையா?" என்றார். "வேலைம்மா" என்று அவர் சொன்னார். வேலை என்றால் மாமியாருக்கு மரியாதை, அதோடு விட்டுவிட்டார்.

ஒரு சிக்கல். டயாலிசிஸின்போது இவருக்கு இடது கையில் ரெண்டு ஊசி குத்தியிருக்கும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. உங்கள் கேமில் நடப்பதற்கு இடதுபக்கப் பிடி, பேசுவதற்கு வலதுபக்கப் பிடி. முதல் நாள் தோவா வாசலில் நின்றபடி நான்கு மணி நேரம் எல்லோருக்கும் வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பக்கத்துப் படுக்கை கோன்டோ-சான், பழைய பஸ் டிரைவர், "என்னப்பா, வண்டி கிளம்பவே கிளம்பாதா?" என்று கேட்டாராம்.

வீட்டில் வந்து ரெண்டு கையாலும் ஆடலாம்தானே என்று கேட்டேன். "வீட்டுல ஆடினா நல்லாயில்ல" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

இங்கே பனி ஈரமாக விழுகிறது. தள்ளி முடிப்பதற்குள் மறுபடி விழுந்துவிடுகிறது.

கயோ


கியோட்டோ, மார்ச் 5

அன்புள்ள கயோ,

பட்டை ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். பக்கத்தில் இருக்கும் நபேஷிமா நாற்காலியை ஜன்னல் ஓரம் நகர்த்திக்கொண்டான். ஆனால் கழுத்து தேவலை. நன்றி. பிளம் பூத்துவிட்டது இங்கே.

இகுவோ-சானின் சிக்கலை நபேஷிமாவிடம் சொன்னேன். அவன்தான் எங்கள் நிரலாளன். "ஒத்தக் கையால ஆடுறவங்க எத்தன பேர் இருப்பாங்க?" என்று முனகினான். பிறகு அன்றைக்கு முழுக்கத் தன் இடது கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு வலது கையால் ஆடிப் பார்த்தான். சாயங்காலம் வந்து, "வேற மாதிரி இருக்கு, மெதுவாப் போகுது, நல்லாருக்கு" என்றான். வலதுபிடி ஒன்றை மட்டும் வைத்து முழுக் கதையையும் ஆடும்படி மாற்றிவிட்டோம். திரையைப் படுக்கை மேஜையில் நிறுத்திவைத்தால் போதும். புதிய பதிப்பை இதோடு அனுப்புகிறேன்.

முரோநாகா கெட்டவர் இல்லை. இதே கருவியில் பெரியவர்களுக்கான கதை ஒன்றைப் போட்டு, அது ஓடாமல், ஒரு குழுவையே கலைத்தவர். அதனால் பயப்படுகிறார். இப்போது அவர் கேட்பது இதுதான்: முடிவு இரண்டாகப் பிரிய வேண்டும். சரியான பதில்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தோவா திரும்பி வர வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தக் கருவியில் வெளியிடமாட்டார்கள். எங்கள் ஒன்பது பேருக்கும் இது தவிர வேறு வேலை கையில் இல்லை. நான் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசிவரை நேரம்.

உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அவர், மாமியார், பஸ் டிரைவர், பனி எல்லோரும் இருக்கிறார்கள். நீ இல்லை. உன்னைப் பற்றி நான்கு வரி எழுது.

உன் அக்கா,
ஓரியே


ஹமாதா, ஏப்ரல் 20

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

வயதில் நான் இரண்டு வருடம் மூத்தவனானாலும் கயோவின் அக்கா என்பதால் முறையில் நீங்கள் அண்ணி. நலமென்று நம்புகிறேன். நான் வழக்கம்போல. கயோ பதில் எழுதாததற்கு அவள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு இப்போது வேலை அதிகம்.

ஒரு கை மாற்றம் மிகவும் வசதி. நபேஷிமா அவர்களுக்கு என் நன்றி. நான்காம் அத்தியாயம் முடித்துவிட்டேன். கண்டெடுத்த பிழைகளைத் தனித்தாளில் குறித்திருக்கிறேன். தபால் நிலையக் கதவு வழியாகத் தோவாவின் தோள் நுழைகிறது. மீன்காரர் செத்த பிறகும் ஒரு தடவை வணக்கம் சொல்கிறார்.

கோன்டோ-சான் இப்போது என்னிடம் கேள்வி கேட்காமலே கதையைப் பின்தொடர்கிறார். "அந்தப் பொம்பள சூப்புல என்னமோ கலக்கப்போறா, பாத்துக்கிட்டே இரு" என்கிறார். நான்கு வாரமாக இதையே சொல்கிறார். திங்கட்கிழமை அவருக்குச் சளி என்று வேறு வார்டில் போட்டுவிட்டார்கள். புதன்கிழமை வந்தவர், "கலக்கிட்டாளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இன்னொரு பிழை. அது பிழையா என்று தெரியவில்லை, கேள்விக்குறி போட்டிருக்கிறேன். தோவா உட்காருவதில்லை. வீட்டில் மூன்று நாற்காலி இருக்கிறது, கடையில் ஒரு முக்காலி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போய் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். புருஷன் உட்காருகிறான், ஊரார் உட்காருகிறார்கள், பூனைகூட உட்காருகிறது. இவள் மட்டும் நிற்கிறாள்.

அதற்குப் பிறகு, கயோ வீட்டில் உட்கார்ந்து பார்த்தது எப்போது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தோவா கடைசியில் என்ன செய்வாள் என்று கேட்பது ஒப்பந்தத்துக்கு விரோதமா?

பணிவுடன்,
தவாரா இகுவோ


கியோட்டோ, மே 3

இகுவோ-சான்,

உங்கள் தாளை இங்கே எல்லோரும் கைமாற்றிப் படித்தோம். இவ்வளவு சுத்தமான பிழைத்தாள் இதுவரை வந்ததில்லை. மீன்காரரை ஒழுங்காகச் சாகவைத்துவிட்டோம். உங்கள் உடம்பு எப்படி? மழைக்காலம் வருமுன் அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஊற்று எங்காவது கூட்டிப்போங்கள்.

உட்காராத விஷயம். உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். தோவா உட்காரும் அசைவை வரைய ஆள் போதவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, நானும் மறந்துபோனேன். நான்கு வருடமாக எழுதுகிறேன், எனக்கே கண்ணில் படவில்லை. நேற்று பேசி முடிவெடுத்தோம். இனி வரையப்போவதில்லை.

முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் விளையாடி முடித்த பிறகு உங்கள் கருத்து எனக்கு வேண்டும். வெளியீட்டாளர் வேறொரு முடிவு கேட்கிறார்.

கயோவை எழுதச் சொல்லுங்கள். இரண்டு முறை போன் செய்தேன். உங்கள் அம்மா எடுத்து, "வெளிய போயிருக்கா" என்றார். எங்கே என்று கேட்டேன். "வெளியதான்" என்றார்.

அன்புடன்,
ஓரியே


மசுதா, ஜூன் 18

அக்கா,

முகவரி மாறியிருக்கிறது, பார்த்துக்கொள். மசுதாவில் பழங்களைத் தரம்பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மெலன் காலம். தினமும் போய்வந்தால் ரயில் நேரம் ஒத்துவராது என்று பக்கத்திலேயே ஒரு அறை எடுத்திருக்கிறேன்.

உடம்பு நன்றாக இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன். அவர் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன்.

போன் செய்யாதே. கூடத்தில் போனை அலமாரியில் பூட்டிவிட வேண்டும்.

மழையில் நனையாமல் இரு.

கயோ


கியோட்டோ, ஜூலை 2

அன்புள்ள கயோ,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். மீதியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஹமாதாவிலிருந்து மசுதாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று எனக்கும் தெரியும். நீ வேலைக்காக அறை எடுக்கவில்லை. வீட்டை விட்டு வந்துவிட்டாய். அப்படித்தானே?

இதை நான் செய்தேனா? அந்தக் கருவியை உன் வீட்டுக்குள் அனுப்பியது நான். முடிவை ஜனவரியிலேயே உன்னிடம் சொன்னதும் நான். ஒரு பெண் புருஷனைப் படுக்கையில் விட்டுவிட்டுப் படகேறுவதை நான்கு வருடம் உட்கார்ந்து அழகாக எழுதினேன். அது அழகாக இருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடினேன். இகுவோ-சான் இப்போது ஒற்றைக் கையால் அந்தப் படகுத்துறைக்கு வந்துகொண்டிருக்கிறார்.

திரும்பி வரும் காட்சியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாதி எழுதியும்விட்டேன். முரோநாகாவுக்கும் சந்தோஷம், எங்கள் ஒன்பது பேருக்கும் வேலை மிஞ்சும். யாருக்கும் கெடுதல் இல்லாத வழி.

எனக்கு ஒரு வரியாவது எழுது. திட்டி எழுதினாலும் சரி.

ஓரியே


மசுதா, ஆகஸ்ட் 19

ஓரியே அக்காவுக்கு,

வெயிலில் நலமாக இருக்கிறாயா? ஓபோன் முன்னோர் பண்டிகைக்கு அம்மா அப்பா கல்லறைக்கு நீ போய்வந்தாய் என்று சித்தி சொன்னாள். நான் வரமுடியவில்லை. எனக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றியிருப்பாய்.

திட்டி எழுதச் சொன்னாய். முதல் முறை எழுதியது ரொம்பத் திட்டாக வந்துவிட்டது, கிழித்துவிட்டேன். அதனால்தான் தாமதம்.

உன் கேமை நான் ஆடவேயில்லை. தொட்டதுகூட இல்லை. நான் வீட்டை விட்டு வந்த பெருமையை நீ எடுத்துக்கொள்ளாதே. அது என்னுடையது.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் யாருக்கும் சொல்லாமல் பரிசோதனை செய்துகொண்டேன். என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். டிவி பார்த்தபடியே, "வேணாம்" என்றார். ஏன் என்றேன். "உனக்குக் கஷ்டம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் அடுக்களைக்குப் போய் உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்தேன். காய் எதுவானாலும் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைக்க வேண்டும். இல்லாவிட்டால் காயிலுள்ள பொட்டாசியம் இறங்காது, அவர் இதயத்துக்கு ஆகாது. ஏழு வருடமாகச் செய்கிறேன். ஒரே தடவையில் கொடுப்பது எனக்குக் கஷ்டமாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது கஷ்டமில்லையாம்.

மூன்று வருடம் அதை விழுங்கிக்கொண்டேன். இந்த ஏப்ரலில் ஒருநாள் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து வாசலில் நின்று, "கொஞ்சம் உக்காரேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "உக்காந்தா இத யாரு செய்வா?" என்று கேட்டேன். ஏழு வருடத்தில் அவருக்கு அந்தக் கேள்வி தோன்றியதேயில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. மறுவாரம் கிளம்பினேன். வாசலில் அவர் தடுக்கவில்லை. "சாவி எடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

நகராட்சியிலிருந்து உப்பில்லாச் சாப்பாடு வீட்டுக்கு வர ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்தேன். மாமியார் போன் செய்து, "நீ போனது சரி, அரிசி குக்கரையும் ஏன் எடுத்துட்டுப் போன?" என்று கேட்டார். என் காசில் வாங்கியது என்றேன். "அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

உன் தோவா நானில்லை அக்கா. அவள் திரும்பி வருவதோ வராததோ உன் கதைக்கு எது சரியோ அது. எனக்காக மாற்றி எழுதினால் இனிமேல் உனக்குக் கடிதம் கிடையாது.

குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று குடிக்காதே, உனக்கு வயிறு ஆகாது.

கயோ


ஹமாதா, செப்டம்பர் 27

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

வெயில் தணிந்துவிட்டது. அங்கே அனைவரும் நலமா? கேமை முடித்துவிட்டேன். கருவியைத் தனிப் பொதியில் அனுப்பியிருக்கிறேன். பிழைத்தாளில் இந்த முறை எதுவும் இல்லை.

என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். படகுத்துறைக் காட்சி வந்தபோது நான் பொத்தானை அழுத்தவில்லை. படகு ஊதிக்கொண்டே நின்றது. கோன்டோ-சான், "டிரைவர் பாவம்யா, ஏறு இல்ல எறங்கு" என்றார். திரும்பி நடக்கப் பார்த்தேன், வழி இல்லை. கோபம் வந்தது. செவிலி சுகுடா-சான் ஓடிவந்து, "யாரோட சண்ட தவாரா-சான்? பிரஷர் இப்படி ஏறுது" என்று கருவியை வாங்கிவைத்துவிட்டார். அடுத்த முறையும் அழுத்தவில்லை. அதற்கடுத்த முறை அழுத்தினேன்.

படுக்கையில் இருப்பவன் நான். ஆனால் ஆறு மாதமாகத் துணி அலசியதும் மருந்து வாங்கியதும் என் கை. அதனால் படகேறியதும் என் கைதான். அவள் ஏன் போகிறாள் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. ஏறியபோது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. அது எனக்கு வெட்கமாகவும் இருந்தது. இதை ஹாலில் பெரிய திரையில், அம்மா பார்த்துக்கொண்டிருக்க, என்னால் ஆடியிருக்க முடியாது. முகத்துக்குப் பக்கத்தில், காதுக்குள் சத்தத்தை வைத்துக்கொண்டு, தனியாக ஆடியதால் முடிந்தது. உங்கள் வெளியீட்டாளருக்கு இது உபயோகப்பட்டால் சொல்லுங்கள்.

டயாலிசிஸ் இல்லாத நாளில் மசுதாவுக்குப் போனேன். கூப்பிடப் போகவில்லை. அறை சின்னது. கயோ தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நானும் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள். "அன்னிக்கு வேணாம்னு சொன்னது எனக்காகத்தானா?"

யோசித்துச் சொன்னேன். "இல்ல. வாங்கிக்கிட்டா அப்புறம் ஆயுசுக்கும் உன்மேல கோவப்பட முடியாதேன்னு நினைச்சேன்."

"வாங்கிக்காம மட்டும் எத்தன தடவ கோவப்பட்டீங்க?"

"ஒரு தடவகூட இல்ல."

"நான் பட்டேன்" என்றாள். பிறகு சிரித்தாள்.

பேசிக்கொண்டே ஒரு மெலனை அறுத்து ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். மெலன் எனக்கு விஷம் மாதிரி என்று உங்களுக்குத் தெரியும். கயோ அதை மறந்து நான் பார்த்ததே இல்லை. இப்போதுதான் முதல்முறை. சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டேன். கடைசி வாயில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "ஒரு துண்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். மறுநாள் இரத்த அறிக்கையைப் பார்த்து சுகுடா-சான் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். கயோவின் பெயரைச் சொல்லவில்லை.

அவள் வரவில்லை. நான் ரயிலேறி வந்தேன்.

பணிவுடன்,
இகுவோ


கியோட்டோ, நவம்பர் 24

அன்புள்ள கயோ,

இலையெல்லாம் சிவந்துவிட்டது, சுற்றுலாக்காரர்கள் நெரிசலில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை. நீ அனுப்பிய கடைசிப் பெட்டி மெலனை ஆபீஸில் பங்குவைத்தோம். நபேஷிமா இப்போது நாற்காலியைத் திரும்ப என் பக்கம் போட்டிருக்கிறான்.

உன் கடிதம் வந்தபோது திரும்பி வரும் காட்சியை நான் முடித்திருந்தேன். மாற்றினால் கடிதம் கிடையாது என்று மிரட்டினாய். ஆனால் ஒன்பது பேர் பிழைப்பு. நான் மட்டும் முடிவெடுக்க முடியாது. இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய் முரோநாகாவின் முன்னால் வைத்தேன். அவர் இரண்டையும் கடைசிவரை ஆடினார். டிவியில் இல்லை, கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் போய் நின்று ஆடினார். முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் கேட்டதத்தான் எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"திரும்பி வர்றது வேற பொம்பள. இவள எனக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "எடுத்துடுங்க. விக்கலைன்னா என் தலையும் சேந்துதான் உருளும்."

அதனால் தோவா போகிறாள், வருவதில்லை. பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்ப நிறுவனம் மறுத்துவிட்டது. தரவிறக்கமாக மட்டும் அக்டோபரில் வந்தது. முதல் வாரம் விற்பனை படுமோசம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நூடுல்ஸ் சாப்பிட்டோம். இரண்டாம் வாரமும் அப்படியே. வழக்கமாக இதற்குப் பிறகு கீழே போகும். இது போகவில்லை. அசையாமல் நின்று, பிறகு மெல்ல மெல்ல ஏறியது. முரோநாகா புள்ளிவிவரத்தைக் கொண்டுவந்து காட்டினார். வாங்கியவர்களில் பாதிக்கு மேல் நாற்பது தாண்டியவர்கள். ஏறக்குறைய எல்லோரும் டிவியில் செருகாமல் கையில் வைத்து ஆடுகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், கொஞ்சம் கொஞ்சமாக. முக்கால்வாசிப் பேர் கடைசிவரை போகிறார்கள். எங்கள் தொழிலில் அது கேள்விப்படாத விஷயம்.

"இது கேம் மாதிரி விக்கல, புத்தகம் மாதிரி விக்குது" என்றார். குறை சொல்கிறாரா என்று தெரியாமல் பார்த்தேன். "அடுத்ததும் இதே மெஷின்லதான்" என்றார். பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். பிழைத்துக்கொண்டோம். ஒன்பது பேரும் இருக்கிறோம்.

புத்தாண்டுக்கு இங்கே வா. ஒரு மெத்தை அதிகமாக இருக்கிறது. வேறெதுவும் கேட்கமாட்டேன்.

உன் அக்கா,
ஓரியே


மசுதா, டிசம்பர் 19

ஓரியே அக்காவுக்கு,

குளிர் வந்துவிட்டது. பழக்காலம் முடிந்து இப்போது கீரை கட்டுகிறோம். விரல் விறைக்கிறது, ஆனால் சேர்ந்து வேலை செய்கிற பெண்கள் வாயாடிகள், பொழுது போவது தெரியவில்லை. உன் கழுத்து எப்படி?

உன் கேமை வாங்கி ஆடினேன். இங்கே கூடத்தில் ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள், நான் என் அக்கா எழுதியது என்றேன், நம்பவில்லை. அந்த ரோஷத்தில் செகண்ட்ஹேண்டில் ஒரு கருவி வாங்கினேன். தோவா கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறாள். அப்புறம், அந்த மாதிரிப் போகிற எவளும் அவ்வளவு சின்னப் பையோடு போகமாட்டாள். மற்றபடி சரியாக இருக்கிறது. படகுப் பொத்தானை நான் உடனே அழுத்தினேன். அழுத்திவிட்டு, வெகு நேரம் கருவியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவ்வளவுதான் சொல்லுவேன்.

புத்தாண்டுக்கு வருகிறேன். நான்காம் தேதிவரை இருப்பேன். அதற்கு மேல் இருக்க முடியாது, காரணம் சொல்கிறேன்.

அவர் மாதம் ரெண்டு தடவை இங்கே வருகிறார். டீ குடிக்கிறோம், அவருக்கு அரை டம்ளர்தான். இப்போது காயைத் தானே ஊறவைக்கிறார். மாமியார் பக்கத்தில் நின்று, "இவ்வளவு வேலையா இது?" என்று கேட்டாராம். ஹமாதாவுக்குத் திரும்பு என்று இதுவரை அவர் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியாது. இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது.

போன தடவை கிளம்பும்போது ஷூவைப் போட்டுக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்: "சிறுநீரக மாற்றம் பத்திப் பேச டாக்டர் ஜனவரி அஞ்சாம் தேதி நேரம் கொடுத்திருக்கார். பேசத்தான். கேட்டுட்டு வந்துரலாம்."

"சரி" என்றேன்.

"நீ வர்றியா?"

ஏழு வருடமாக ஒவ்வொரு டாக்டரிடமும் நான் கூடவே போயிருக்கிறேன். ஒரு தடவைகூட என்னை யாரும் வருகிறாயா என்று கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று நானும் நினைத்ததில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

ரெண்டு நாள் யோசித்தேன். கீரை கட்டும்போது யோசித்தேன், குளிக்கும்போது யோசித்தேன். பதில் எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அந்த ரெண்டு நாளும் நன்றாக இருந்தது. பிறகு போன் செய்து, வருகிறேன் என்றேன்.

உன் வீட்டு மெத்தையை வெயிலில் போட்டுவை.

கயோ